இரண்டு நாள், ஒரு நகரம், ஒரு கேமரா: படம் எடுக்கவே போகிறவர்கள் எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

மழைவெளிச்சம்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு வார இறுதியில், வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி, இதுவரை காலடி வைக்காத ஒரு நகரத்துக்குப் போகிறேன். யாரையும் பார்க்கப் போகவில்லை, வேலை எதுவும் இல்லை. படம் எடுப்பதற்காகவே போகிறேன்.

போன முறை நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். 'கட்டாயம் பார்க்க வேண்டிய 25 இடங்கள்' என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாளில் 19 இடம், 1400 படம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் யாரோ எடுத்ததை நான் திரும்ப எடுத்த மாதிரி இருந்தது. கூர்மை சரி, வெளிச்சம் சரி, ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அங்கே நின்ற ஞாபகமே வரவில்லை. மனதுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பேருந்து வராமல் ஒரு நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றிருந்தேன். எதிர்ச்சுவரில் கிடந்த மரநிழல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் மேல் ஒற்றை இலையாக நின்றது. அதை எடுத்தேன். மீதி 1399 படமும் அழிந்துபோனால்கூட எனக்கு வருத்தமில்லை.

இந்த முறை அப்படிப் பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் போதும். என்னிடம் ஒரு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா, அகலமாகக் காட்டும் 35 மிமீ லென்ஸ், தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 ஜூம், ஒரு முக்காலி இருக்கின்றன. எதை எடுத்துப்போவது, இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, முன்பின் தெரியாதவர்களை எப்படிப் படம் எடுப்பது (இதில் எனக்கு நிஜமாகவே கை நடுங்கும்), இந்த மூன்றுக்கும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையரோல்:

பதில் உங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கிறது. நாற்பது நிமிடம் ஓரிடத்தில் நின்றீர்கள், கிடைத்தது. மற்ற 19 இடங்களில் எவ்வளவு நேரம் நின்றிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு நாள் என்றால் நான் மூன்று இடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இடம் என்று நான் சொல்வது கட்டடம் இல்லை, இருபது நிமிடத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஒரு பகுதி. ஆற்றங்கரை ஒன்று, பழைய குடியிருப்பு ஒன்று, ரயில் நிலையத்தைச் சுற்றி ஒன்று, அப்படி. ஒவ்வொன்றுக்கும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முதல் தடவை போகும்போது பெரும்பாலும் ஒன்றும் அமையாது, ஏனென்றால் எல்லாமே புதிதாக இருப்பதால் கண் எதிலும் நிற்காமல் அலையும். இரண்டாம் தடவை போகும்போது, இந்தச் சந்தில் வெயில் இந்நேரம் எங்கே இருக்கும், இந்தப் படியில் யார் உட்காருவார்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் அச்சுப் போட்டு வைத்திருக்கும் பயணப் படங்களில் முக்கால்வாசி இரண்டாம் தடவையில் எடுத்தவை.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் யூஜின் அட்ஜே பாரிஸின் பழைய தெருக்களை முப்பது வருடம் எடுத்தார். படம் பதியக் கண்ணாடித் தட்டுப் போடுகிற கனமான மரக்கேமரா, முக்காலி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எடுத்த இடத்துக்கே மறுபடி மறுபடி போனார். 1927இல் அவர் இறந்த பிறகு, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பெரனிஸ் அபாட் அவருடைய தட்டுகளைக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் அவற்றில் பல இன்று போயிருக்கும். வாழ்ந்த ஊரிலேயே முப்பது வருடம் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது என்றால், அறிமுகமில்லாத ஊரில் ஓர் இடத்தை ஒரே தடவையில் பார்த்து முடித்துவிட முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1838இல், புகைப்பட முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகேர் தன் ஜன்னலிலிருந்து பாரிஸின் ஒரு பெரிய சாலையை எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும், அதனால் ஓடிய வண்டிகளும் நடந்தவர்களும் தடமே இல்லாமல் மறைந்துவிட்டார்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும் மட்டும் படத்தில் விழுந்தார்கள். புகைப்படத்தில் மனிதர்கள் தெரிகிற மிகப் பழைய படம் அதுதான் என்று சொல்கிறார்கள். பயணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகத்துக்கு வரும்.

வரைபடப்பித்து:

பழையரோல் அண்ணன் சொன்ன மூன்று பகுதி கணக்கு சரி. ஆனால் எந்த மூன்று என்பதை வீட்டிலிருந்தே பாதி முடிவு செய்துவிடலாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: தெருக்கள் ஓடும் திசை, தண்ணீர் இருக்கும் பக்கம்.

கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்றால் காலையில் ஒரு முனையிலிருந்தும் சாயங்காலம் மறுமுனையிலிருந்தும் வெயில் நீளமாக உள்ளே வரும். வெயிலைப் பார்த்து நின்றால் நடப்பவர்கள் எல்லோருக்கும் பின்னாலிருந்து ஒளி விழும், நிழல் உங்களை நோக்கி நீண்டு வரும். வடக்கு தெற்காக ஓடும் குறுகலான தெருவில் நடுப்பகலில்தான் தரையில் வெயில் படும், மற்ற நேரத்தில் ஒரு பக்கச் சுவர் ஒளிரும், மறுபக்கம் இருட்டாக இருக்கும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தெருக்கள் திசைகாட்டியிலிருந்து சுமார் 29 டிகிரி திரும்பி இருப்பதால் மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் மறைகிற சூரியன் குறுக்குத் தெருக்களின் நேர்க்கோட்டில் வந்து நிற்கிறது, அதற்கென்றே கூட்டம் கூடுகிறது. எல்லா ஊருக்கும் அப்படிச் சில தெருக்கள் உண்டு, யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சூரியன் எந்தத் தேதியில் எந்தக் கோணத்தில் எழும், மறையும் என்று வரைபடத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அங்கே போன பிறகு செயலியைத் திறக்காமல் நேரம் பார்க்க ஒரு வழி: கையை முழுதாக நீட்டி விரல்களைப் படுக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறதோ அத்தனை கால் மணி நேரம் மிச்சம் இருக்கிறது. நான்கு விரல் என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி. துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து இறங்கும் என்பதால் அங்கெல்லாம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

கோபுரவாசி:

எல்லோரும் பிரபலமான இடங்களை ஒதுக்கச் சொல்கிறீர்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு ஊருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போகிறவர்கள் இருக்கிறோம். அந்த ஊரின் அடையாளமான கோபுரத்தையோ பாலத்தையோ பார்க்காமல் சந்து பொந்துகளில் நின்றுவிட்டு வந்தால் எனக்கு மனது ஆறாது. அழகாக இருப்பதால்தானே அது பிரபலமாகியிருக்கிறது.

நான் செய்வது இதுதான். முதல் நாள் விடியற்காலை, கூட்டம் வருவதற்கு முன், நேராக அங்கே போய் எல்லோரும் எடுக்கும் அந்தப் படத்தை நானும் எடுத்துவிடுவேன். நிம்மதியாக, வெட்கப்படாமல். அந்த ஆசை தீர்ந்தால்தான் அடுத்தது கண்ணில் படும். அப்புறம் கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பேன். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற முகங்கள், அதன் நிழலில் பெருக்குகிறவர், எதிர்க்கட்டடத்தின் கண்ணாடியில் உடைந்து தெரியும் கோபுரம், இதெல்லாம் அங்கே போனால்தானே கிடைக்கும்.

படத்தை விற்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரவில் அதன் விளக்கு அலங்காரத்துக்குப் பதிப்புரிமை இருப்பதால் வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். நம் சொந்த ஆல்பத்துக்கு எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. மற்ற நாடுகளிலும் கட்டடம், பொது இடத்துச் சிலை இவற்றுக்கு வெவ்வேறு விதிகள் உண்டு, போகிற நாட்டு விதியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மழைவெளிச்சம்:

நன்றி, எல்லோருக்கும். கோபுரவாசி சொன்னதும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு விடியற்காலையை அதற்குக் கொடுத்துவிடுகிறேன். மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுக்க இன்று உட்கார்ந்தேன், பத்தைக் கழித்து ஐந்தில் நிற்கிறேன். லென்ஸ் பற்றியும் மனிதர்கள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஒற்றைலென்ஸ்:

70-200ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உடம்பு வலியை விட்டுத்தள்ளுங்கள், அது மோசமான லென்ஸும் இல்லை. ஆனால் கையில் இருந்தால் சாலையின் இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் பக்கத்து ஆளை இழுத்து எடுக்கத் தோன்றும். ஊருக்குள் போகாமலேயே ஊரை எடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். 35 வைத்திருந்தால் வேறு வழியில்லை, நடந்து கிட்டே போக வேண்டும்.

ஒரே லென்ஸை இரண்டு நாள் மாற்றாமல் வைத்திருந்தால் முதல் நாள் மதியத்துக்குள் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே எது உள்ளே வரும், எது வெட்டுப்படும் என்று தெரியத் தொடங்கும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதியை 50 மிமீ லென்ஸிலேயே கழித்தவர்.

தெருவில் ஃபோகஸுக்காக நேரம் வீணாகிறது என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. வெயில் நேரத்தில் லென்ஸின் திறப்பை எஃப்/8இல் வைத்து, ஃபோகஸைக் கையால் ஐந்து மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 35 மிமீக்கு, ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை போதுமான கூர்மையோடு இருக்கும். அப்புறம் ஃபோகஸைப் பற்றிக் கவலையே படாமல் ஆளையும் ஒளியையும் மட்டும் பார்க்கலாம். நடப்பவர்களை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை மன்னிக்கலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணோடுகண்:

கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகவே பதில் போடுகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெண் என்பதால் எனக்குச் சில இடங்களில் சுலபம், சில இடங்களில் இரட்டிப்புக் கஷ்டம். ஆனால் நடுக்கம் குறைய ஒரே வழி ஒளிந்து எடுப்பதை நிறுத்துவதுதான் என்று என் அனுபவத்தில் கண்டுகொண்டேன். ஒளிந்து எடுக்கும்போது நாமே திருடுகிற மாதிரி உணர்கிறோம், அது உடம்பில் தெரிகிறது, எதிரில் இருப்பவருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு பயணத்தில், ஒரு கட்டடத்தின் வாசல் இடுக்கில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் இடுக்கிய உருப்பெருக்கி, மறு கண் மூடி. அவர் மொழி எனக்குத் தெரியாது. கேமராவைத் தூக்கிக் காட்டித் தலையை அசைத்துக் கேட்டேன், வேண்டாம் என்று கையசைத்தார். சரி என்று சிரித்துவிட்டு அங்கேயே ஓரமாக நின்று அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேமரா கழுத்தில் தொங்கியபடி. ஒரு மயிரிழை போன்ற சுருள்கம்பியை இடுக்கியால் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்கினார். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் உருப்பெருக்கியைக் கழற்றி அதை என் காதருகே நீட்டினார். கேட்டேன். பிறகு அவரே என் கேமராவைச் சுட்டிக்காட்டி, எடுத்துக்கொள் என்றார். நான் அவர் முகத்தை எடுக்கவில்லை. உள்ளங்கையில் அந்தக் கடிகாரம், விரல் நுனியில் எண்ணெய்க் கறை, அதை மட்டும் எடுத்தேன், காட்டினேன். முதலிலேயே திருட்டுத்தனமாக எடுத்திருந்தால் ஒரு கிழவரின் முகம் கிடைத்திருக்கும், இது கிடைத்திருக்காது.

தெருப்படங்கள் எடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் விவியன் மேயர் பயன்படுத்திய ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவரை அது மிரட்டுவதில்லை. இப்போதைய கேமராக்களில் பின்திரையை மடக்கிக் கீழே பார்த்து எடுக்கலாம், அதே பலன். ஆனால் இதை மறைப்பதற்கான தந்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஹங்கேரியில் 2014 முதல் நடைமுறையில் உள்ள உரிமையியல் சட்டப்படி ஒருவரைப் படம் எடுப்பதற்கே அவருடைய சம்மதம் வேண்டும், கூட்டத்தை எடுப்பதும் பொது வாழ்வு நிகழ்ச்சிகளில் பங்கேற்பவர்களை எடுப்பதும் விலக்கு. பல நாடுகளில் எடுக்கத் தடையில்லை, வெளியிடுவதில்தான் கட்டுப்பாடு. சட்டம் எப்படி இருந்தாலும் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி மூன்று. பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளை எடுக்க மாட்டேன். துயரத்தில் இருப்பவர்களை, தெருவில் தூங்குபவர்களை எடுக்க மாட்டேன். யாராவது அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அவர் கண்முன்னே அழிப்பேன்.

ஒற்றைலென்ஸ்:

கண்ணோடுகண், நீங்கள் சொன்னதை மதிக்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேட்டு எடுத்தால் ஆள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார், அந்த நொடி போய்விடுகிறது. கூட்டம் நடக்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. நான் முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுத்துவிடுவேன், ஒரு சுவர், ஒரு வெயில் கட்டம், எதுவானாலும். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கேமராவோடு அங்கே நிற்பேன். வருகிறவர்கள் அதற்குள் நடந்து வருகிறார்கள். விருப்பமில்லாதவர்கள் விலகிப் போகிறார்கள், அவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. இதுவும் ஒளிந்து எடுப்பது ஆகாது என்று நினைக்கிறேன்.

கண்ணோடுகண்:

ஆகாது. அதில் எனக்கு மறுப்பில்லை.

இரவுநடை:

இதுவரை யாரும் இரவைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு நாள் பயணத்தில் பாதி நேரம் இரவு என்பதை மறந்துவிடாதீர்கள்.

சூரியன் மறைந்த பிறகுதான் நல்ல நேரம் தொடங்குகிறது. வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும், விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும், இரண்டின் பிரகாசமும் ஒன்றுக்கொன்று சமமாக வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வானமும் ஜன்னல்களும் ஒரே படத்தில் சரியாக விழும். நிலநடுக்கோட்டுப் பக்கத்து ஊர்களில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும், வடக்கே தள்ளிப்போனால் கோடையில் வெகுநேரம் நீளும். அதனால் சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள், ஏற்கெனவே இடம் பிடித்து நில்லுங்கள்.

முக்காலி எடுத்துப்போவதா என்றால், ஒரே ஒரு இரவு பாலத்தையோ ஓடும் வண்டிகளின் ஒளிக்கோட்டையோ எடுக்கத் திட்டம் இருந்தால் மட்டும். உயரமான கட்டடங்களின் பார்வைத் தளங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பெரும்பாலும் விடமாட்டார்கள். இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவர் மேல் கேமராவை வைத்து இரண்டு வினாடி டைமர் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். 1930களின் தொடக்கத்தில் பாரிஸின் இரவுகளை எடுத்த ப்ராசாய், ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைச் சிகரெட் எரியும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டாராம். நம்மிடம் கால் வினாடிக்கே அழகாக எடுத்துத் தரும் கருவி இருக்கிறது.

கடைத்தெருவின் எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாக வந்தால் கேமரா பழுது என்று பயப்பட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கின்றன, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடு என்றால் 1/60, 1/120. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம், அதை அணைத்துவிடுங்கள்.

மழை பெய்தால் அறைக்குள் உட்காராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தரை முழுக்கக் கண்ணாடியாகிவிடும். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் இருக்கும் முனை கிட்டத்தட்ட தண்ணீரைத் தொடுகிற மாதிரி வைத்துப் பாருங்கள், ஒரு கையகலக் குட்டைக்குள் நான்கு மாடிக் கட்டடம் முழுதாக இறங்கி நிற்கும். சால் லைட்டர் நியூயார்க்கில் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே பல வருடம் மழையையும் பனியையும் ஈரக் கண்ணாடி வழியாக எடுத்தார். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான தெருவுக்கு வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸில் நீர் கோத்துவிடும். பைக்குள்ளேயே மூடி வைத்து இருபது நிமிடம் கழித்து எடுங்கள்.

துணையோடு:

நீங்கள் தனியாகப் போகிறீர்கள், கொடுத்து வைத்தவர். என் மனைவிக்குப் படம் எடுப்பதில் ஈடுபாடு கிடையாது. நான் ஒரு சுவர் முன்னால் அரை மணி நேரம் நிற்கும்போது அவரும் நிற்க வேண்டும் என்பது நியாயமில்லை. இப்போது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு: விடிவதற்கு முன்னால் தொடங்கி இரண்டரை மணி நேரம் எனக்கு, அந்த நேரம் அவர் தூங்குவார். மதியம் முழுக்க அவர் விருப்பப்படி, கேமரா பைக்குள் இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்போம், அப்போது அவர்தான் "அந்த மாடியைப் பார்த்தீங்களா" என்று காட்டுவார். அவர் காட்டி நான் எடுத்த படங்கள் ஏராளம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இரண்டுகார்டு:

எடுத்ததைப் பாதுகாப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

ஒரு பயணத்தின் கடைசி நாள், தங்கியிருந்த இடத்தில் அறையைக் காலி செய்துவிட்டுப் பையை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பை இல்லை. கேமரா என் கழுத்தில் இருந்தது, ஆனால் இரண்டு நாள் படங்கள் இருந்த கார்டுகள் பைக்குள். பையில் இருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இரண்டாம் நாள் காலை பனிமூட்டத்தில் ஒரு படகுக்காரர் துடுப்பை மேலே தூக்கி நின்ற அந்த ஒரு படம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

அதிலிருந்து, கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைக்கிறேன். ஒரே இடம்தான் என்றால் இரவு தூங்கும் முன் நல்ல படங்களைப் போனுக்கு மாற்றிவிடுகிறேன். நிறைந்த கார்டு பையில் போகாது, சட்டையின் உள்பாக்கெட்டில் இருக்கும். பயணம் முடிந்து வீட்டில் இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும் வரை எந்தக் கார்டையும் அழிப்பதில்லை. விமானத்தில் போகிறீர்கள் என்றால் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கையோடு எடுத்துப்போகும் பையில் வையுங்கள், சரக்கில் போடும் பெட்டியில் வைக்க விதி இடம் தராது. நேர மண்டலம் மாறினால் கேமராக் கடிகாரத்தையும் மாற்றுங்கள், பிறகு வரிசைப்படுத்தும்போது தலைவலி மிச்சம்.

மழைவெளிச்சம்:

போய்விட்டு வந்துவிட்டேன். ஐந்து வாரத்துக்கு முன் ஆரம்பித்த இழை, மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

35 மட்டும் எடுத்துப்போனேன். முதல் நாள் காலை பாலத்துக்குப் போய் எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்தேன், கோபுரவாசிக்கு நன்றி, அது முடிந்ததும் மனது உண்மையிலேயே லேசாகிவிட்டது. ஆனால் 10 மணிக்கு மேல் ஒரே தவிப்பு. 70-200 இருந்திருந்தால் அதை எடுத்திருக்கலாம், இதை எடுத்திருக்கலாம் என்று எதைப் பார்த்தாலும் தோன்றியது. மதியம்வரை நான் எடுத்தது எதுவும் தேறாது. நிஜமாகவே அழுகை வந்தது, இரண்டு நாளில் கால் பங்கு போய்விட்டதே என்று.

நான் தேர்ந்தெடுத்த மூன்று பகுதிகளில் ஒன்று ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏறும் படிக்கட்டுத் தெரு. 96 படி, எண்ணினேன். வரைபடப்பித்து சொன்ன மாதிரி திசை பார்த்துத் தேர்ந்தெடுத்தது, மேற்கு நோக்கி இறங்குவது. மதியம் போனபோது வெறும் சாம்பல் நிறக் கல், ஒன்றுமே இல்லை, பாதிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போகவே மனமில்லை, பழையரோல் சார் சொன்னாரே என்பதற்காகப் போனேன். நான்கு விரல் வெயில் இருந்தது. ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு மெல்லிய கோடாக எரிந்தது, பல வருடக் கால்கள் பட்டு நடுவில் தேய்ந்த பள்ளம் மட்டும் அந்தக் கோட்டில் ஒரு வளைவாகத் தெரிந்தது. 96 வளைவு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மதியம் அதே கல் மேல்தான் உட்கார்ந்திருந்தேன், தேய்ந்திருப்பதே எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே ஒரு மணி நேரம் நின்றேன். மறுநாள் விடியற்காலையும் போனேன், சாயங்காலம் மழையிலும் போனேன். மற்ற இரண்டு பகுதிகளில் ஒன்றை விட்டேவிட்டேன். இரண்டாம் நாளில் அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா, நேற்றும் பார்த்தோமே என்கிற மாதிரி தலையசைத்தார். கூடையைக் கீழே வைத்து இளைப்பாறினார், கேமராவைக் காட்டிக் கேட்டேன், சரி என்றார். கண்ணோடுகண் அக்கா, என் கை நடுங்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்காரவும் இல்லை, கால் வலியோடு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அப்படியே எடுத்தேன்.

மொத்தம் 210 படம். அதில் நான் வைத்துக்கொண்டது 14. ஒன்றை மட்டும் பெரிதாக அச்சுப் போட்டு மாட்ட வேண்டும். இரண்டுக்குள் முடிவு செய்ய முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஆள் யாரும் இல்லாத வெறும் படிகள். இரண்டாம் நாள் மழையில் அதே படிகளில் சிவப்புக் குடையோடு ஒருவர் இறங்குவது. பார்த்தவர்கள் எல்லோரும் குடைதான் என்கிறார்கள். இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

கோபுரவாசி:

குடை. யோசிக்கவே வேண்டாம்.

இரவுநடை:

குடைதான், ஈரத்தில் அந்தச் சிவப்பு நான்கு படிக்கு வழிந்து இறங்கியிருக்கிறது பாருங்கள்.

பழையரோல்:

குடைப் படம் நன்றாக இருக்கிறது, யார் பார்த்தாலும் பிடிக்கும். ஆனால் அடியிலிருந்து பதினோராவது படியைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெறும் படிகள் இருக்கும் படத்தில். வளைவின் இடது ஓரத்தில் ஈரமான வட்டம் ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது, யாரோ குடத்தையோ வாளியையோ வைத்து எடுத்த தடம். நீங்கள் அதை எடுக்கும்போது பார்த்தீர்களா?

மழைவெளிச்சம்:

பார்த்தேன் சார். அது காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த இடத்தில் நின்றேன். வெறும் படிகளையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.